மொட்டைமாடிக்குப் போகும் கதவு

பினாங்கில், புலாவ் திக்கூஸ் பகுதியில் என் அக்கா வாங்கிய வீடு, ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு கட்டிய ஒரு கட்டடத்தின் உச்சியில் இருக்கிறது. நான்கு மாடிகளுக்கு மேலே, கூரையில் பாதியை வீடாக்கி மீதியை மொட்டைமாடியாக விட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கப்பல் கம்பெனித் துரைமார்கள் குடியிருந்த இடம். எங்கள் அப்பா ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். சின்ன வயதில் அந்தத் தெரு வழியாகப் போகும்போது அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பாளாம். அப்பா கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும் என்று அம்மா சொல்லுவாள்.

அக்கா பல் டாக்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிளினிக்கை விற்றுவிட்டு அந்த வீட்டை வாங்கியபோது, தனி ஆளுக்கு இத்தனை பெரிய வீடு எதற்கு என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். என்னிடம் மட்டும் சொன்னாள்: “வானம் வேணும் தம்பி. கிளினிக்ல ஜன்னலே இல்ல, பாத்திருக்கல்ல?”

என் மணவாழ்க்கை முறிந்து நான் ஒரு பெட்டியோடு வந்து நின்றபோது, ஏன் என்று அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னறையைக் காட்டி, மெத்தை புதுசு என்றாள். அதன் பிறகு, அக்கரையில் மாக் மண்டினில் நான் மேற்பார்வையாளராக இருந்த தொழிற்சாலைக்கு அங்கிருந்துதான் போய் வந்தேன். பாலம் தாண்டி வீடு வந்து சேரும்போது அவள் மொட்டைமாடியில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை. தொட்டிகளில் காகிதப்பூவும் கறிவேப்பிலையும். தைப்பூச நாட்களில் தண்ணீர்மலைக் கோயிலின் விளக்குகள் மங்கலாகத் தெரியும். அதிகம் பேச மாட்டோம். அவ்வளவு நிம்மதியாக நான் வேறெங்கும் இருந்ததில்லை.

அக்காவுக்கு ஆட்களின் பெயர் மனதில் நிற்காது, பல் நிற்கும். கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் அவர் வாயைப் பார்த்துவிட்டுத்தான் பெயரைச் சொல்லுவாள். ஒருநாள் நான் ஏதோ சொல்லிச் சிரித்தபோது கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். “இந்தப் பல்லுக்கு கேப் போட்டது யாரு? நல்லா செஞ்சிருக்காங்க லா” என்றாள்.

அதைப் போட்டவளே அவள்தான். விளையாடுகிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், கேள்விகள் கேட்டார்கள். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், திரும்பி வராது என்று டாக்டர் தணிந்த குரலில் சொன்னார். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து, வேறொருவரைப் பற்றிக் கேட்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாசாருக்குப் போய்த் தோசை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அவளைக் காணவில்லை. மொட்டைமாடிக் கதவு திறந்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தால், அக்கா கைப்பிடிச்சுவர் மேல் இருந்தாள். அந்தக் காலத்துச் சுவர். இடுப்புக்குக் கூட வராது. குதிரைமேல் உட்காருவதுபோல் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. வெளிக்காலில் செருப்பு இல்லை. அது கீழே தெருவில் கிடந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

“லிஃப்ட் வரல. கீழ பேஷண்ட் காத்திருக்காங்க” என்றாள், எரிச்சலோடு.

ஓடிப் பிடித்தால் திமிறுவாள் என்று தெரிந்தது. என் வாயில் அந்த வார்த்தை எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

“டாக்டர், நான்தான் அந்தப் பேஷண்ட். மேலயே வந்துட்டேன். பல்வலி தாங்க முடியல.”

அவள் என்னைப் பார்த்தாள். முகம் மாறியது. கிளினிக்கில் பார்த்த முகம். காலை மெல்லத் தூக்கி உள்ளே போட்டு இறங்கி வந்து, பிரம்பு நாற்காலியைக் காட்டினாள். நான் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். அவள் பிடி உறுதியாக இருந்தது. “பயப்படாதீங்க. வலிக்காம பாத்துக்கறேன்” என்றாள். வாயை மூட முடியாமல், அப்படியே அழுதேன்.

மறுநாளே சுவர்மேல் இரும்புக் கம்பி வைக்க ஆள் கூப்பிட்டேன். கட்டடக் குழு ஒத்துக்கொள்ளவில்லை. பழைய கட்டடம், தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்படி முகப்பில் எதையும் மாற்றக்கூடாது என்று விதி இருக்கிறதாம். குழுத் தலைவர் நல்ல மனிதர்தான், வருத்தப்பட்டுத்தான் சொன்னார். கதவைப் பூட்டிவிடலாமே என்று யோசனையும் அவரே சொன்னார். பூட்டினேன். வேலையையும் விட்டேன்.

கதவில் கண்ணாடி இருந்தது. அதுதான் கொடுமையாகிவிட்டது. காலையிலிருந்து கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து நிற்பாள். தொட்டிகளைப் பார்ப்பாள், மலையைப் பார்ப்பாள். திரை போட்டேன்; விலக்கினாள். டிவி போட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருநாள் மத்தியானம், சோறு ஊட்டப் போனபோது, ரொம்பத் தெளிவாகக் கேட்டாள்.

“இது யாரு வீடு?”

“உங்க வீடுதான் அக்கா.”

“என் வீடுன்னா சாவி ஏன் உங்கிட்ட இருக்கு?”

நான் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்தேன். அவள் காத்திருந்தாள். கடைசியில் தட்டை என் கையிலிருந்து வாங்கி, தானே ஒரு வாய் சாப்பிட்டாள். அந்த ஒரு நிமிடம் அவள் என் அக்காவாகவே இருந்தாள். நான் மட்டும் வேறு யாராகவோ இருந்தேன்.

மழைக்காலம் வந்து போனது. கண்ணாடி அருகே நிற்பது குறைந்தது, பிறகு அறவே இல்லாமல் போனது. வெளியே போக ஆசைப்படுவதை விட்டுவிட்டாளே என்று எனக்கு நிம்மதி வரவில்லை. பயம்தான் வந்தது. ஒரு சாயங்காலம், மழை விட்டு வெயில் அடித்தபோது, மனம் கேட்காமல் கதவைத் திறந்தேன். அவள் தோளை இறுக்கி அணைத்து, வாங்க அக்கா, காற்று வாங்கலாம் என்று அழைத்துப் போனேன்.

வாசற்படியில் நின்றுவிட்டாள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

“வேணாம் தம்பி. மத்தவங்க வீட்டுக்குள்ள போகக்கூடாது.”

“இது உங்களோடது அக்கா. நீங்க வாங்குனது.”

“நமக்கு எங்க இதெல்லாம்? திட்டுவாங்க. வா, போயிடலாம்.”

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்த பெண்ணாக அவள் அப்போது இருந்தாளோ என்னவோ, தெரியாது. நான் கெஞ்சினேன். அவள் அழ ஆரம்பித்தாள். உள்ளே கூட்டி வந்து கட்டிலில் உட்கார வைத்தேன்.

இப்போது அந்தக் கதவை நான் பூட்டுவதில்லை. அக்கா படுக்கையில் இருக்கிறாள். பேச்சு நின்றுவிட்டது. வாயைத் துடைக்கும்போது மட்டும் கண்ணைத் திறப்பாள். துணி காயப் போட நான் வெளியே போகிறேன். வேலை முடிந்ததும் உள்ளே வந்துவிடுகிறேன். நின்று பார்க்க மனம் வருவதில்லை. கீழ்மாடிக்காரர் போன வாரம் மாடிப்படியில் என்னைப் பார்த்து, பினாங்கிலேயே இப்படி ஒரு இடம் யாருக்குக் கிடைக்கும், நீங்கள் கொடுத்து வைத்தவர் என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.