ஆத்தா ஜெர்மனிக்குப் போன கதை

இங்கே லைப்சிக்கில் ஞாயிற்றுக்கிழமை மிக்சி ஓட்டக் கூடாது. கீழ்வீட்டு ஹெல்கா அம்மையார் கதவைத் தட்டி, "இன்று ஞாயிறு" என்று மட்டும் சொல்வார். சொல்லிவிட்டுப் புன்னகையும் செய்வார், அதுதான் பயம். வந்த புதிதில் நானும் "ஆமாம், ஞாயிறு" என்று பதிலுக்குச் சிரித்துவிட்டுப் போய் மிச்சத் தேங்காயையும் அரைத்தேன். இதைப் போடியில் இருக்கும் அம்மாவிடம் சொன்னபோது, அம்மியில் அரைத்தால் பரவாயில்லையா, சத்தம் எத்தனை வீட்டுக்குக் கேட்கும் என்று துருவித் துருவிக் கேட்டாள். பிறகு தினமும் இதே கதைதான். ட்ராமில் டிக்கெட் யார் பார்ப்பார்கள், குளிருக்கு உள்ளே எத்தனை சட்டை போட வேண்டும் என்றெல்லாம் விசாரணை. மகள் மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. அம்மா நாவல் எழுதிக்கொண்டிருந்தாள் என்பது புத்தகம் தபாலில் வந்த பிறகுதான் தெரிந்தது.

மலைச்சரிவில் எங்கள் ஏலத்தோட்டத்து எல்லையில் கல்லாக நிற்கும் காவல் தெய்வம் ஆத்தாதான் கதாநாயகி. சாமியை மறந்து ஜெர்மனியில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைத் தேடி ஆத்தா விமானம் ஏறுகிறாள். ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் கண்ணசைக்க, மிக்சி சத்தமில்லாமல் ஓடுகிறது. அதுதான் முதல் அற்புதம். அந்த ஒருத்தி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, என் மூக்குக்கண்ணாடி வரைக்கும் எழுதியிருந்தாள். நான் சாமி கும்பிடுவதை விட்டு வெகுகாலம் ஆகிறது. அதனால் சிரித்துக்கொண்டே படித்தேன், கடைசி அத்தியாயம் வரைக்கும். அதில் ஆத்தா அவள் காதைத் திருகி, வேலையை விடவைத்து, ஊருக்கே கூட்டி வந்துவிடுகிறாள். அதன் பிறகு அவள் எங்கும் போகவில்லை என்று கதை முடிகிறது. எனக்குக் கோபம் வந்தது, கூடவே பயமும். எப்போது வருவாய் என்று போனில் கேட்டால் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிக்கலாம்; ஊர்விட்டு வந்த நம் எல்லோருக்கும் கைவந்த கலை அது. அச்சில் ஏறிவிட்ட ஆசையை என்ன செய்வது? அட்டையில் ஸ்வெட்டரோடு நின்ற ஆத்தாவைப் பார்த்து, இது யாரென்று ஹெல்கா கேட்டார். என்னைக் கூட்டிப்போக வந்து என்னோடு தங்கியிருப்பதாக அம்மா எழுதியிருக்கிறாள் என்றேன். வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிட்டாயா என்று அவர் கவலைப்பட்டார்.

சொந்தச் செலவில் அடித்த புத்தகக் கட்டுகள் அம்மாவின் கட்டிலுக்கடியில் கிடந்தன. எங்கள் தெரு செல்லத்தாயி அக்கா மட்டும் ஒரு பிரதி வாங்கிப் படித்தாள். அவளுக்கு ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடத்தில் வேலை. அங்கே பெண்களுக்குக் கையும் கண்ணும் காயில் இருக்கும், காது சும்மா இருக்கும். அவள் படித்ததைச் சொல்லச் சொல்ல, கதை பக்கத்து ஊர்களான சிலமலைக்கும் ராசிங்காபுரத்துக்கும் பஸ் ஏறியது. காலையில் தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்புகளில் மலையும் ஏறியது. மேலே கேரளத்துத் தோட்டங்களுக்குப் போனதும் ஆத்தா மலையாளமும் பேசினாளாம். பயிரை மிதிக்கும் யானைக்கு வேட்டுப் போட்டே அலுத்துப்போன தேவாரம் ஊர்க்காரர்கள், ஆத்தா விமான நிலையத்துக்கு யானை மேல்தான் போனாள் என்று சேர்த்துக்கொண்டார்கள். அந்த யானை தேவாரத்துக்குத் திரும்பவே இல்லையாம்.

அப்புறம் ஆட்கள் வீடு தேடி வந்து புத்தகம் வாங்கினார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்ச நாளில் அவர்களில் சிலர் அதே புத்தகத்தோடு திரும்பி வந்தார்கள். கடைசிப் பக்கங்கள் தப்பாக அச்சாகியிருக்கின்றன, வேறு பிரதி கொடுங்கள் என்றார்கள். ஊரெல்லாம் கேட்ட கதையில் ஆத்தா அந்தப் பெண்ணைக் கூட்டி வரவே இல்லை; அவளோடு ஜெர்மனியிலேயே தங்கிவிட்டாள். அம்மா நேரே கூடத்துக்குப் போய் நின்றாள். நடந்ததைப் பிறகு அவளே என்னிடம் சொன்னாள்.

"நான் எழுதுனத மாத்த நீ யாரு?"

செல்லத்தாயி அக்கா கை வேலையை நிறுத்தவில்லையாம்.

"எம் மக திருப்பூர்ல ஒத்தையில கெடக்கா மதினி. ஆத்தா ஊருக்கே திரும்பி வந்துட்டா அந்த மாதிரிப் புள்ளைகளுக்கு ஆரு தொணை?"

சுற்றியிருந்தவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. அவர்களில் பாதிப்பேருக்கு வெளியூரில் ஒரு பிள்ளை இருந்தது. அம்மா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

சில நாள் கழித்து எனக்குப் போன் போட்டாள். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. நமக்கும் உனக்கும் எத்தனை மணி நேரம் வித்தியாசம் என்று கேட்டாள். குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் என்றேன்.

"அப்பச் சரி. இங்க வெளக்கு வச்சதும் சோலிய முடிச்சிட்டு, அங்க வெளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆத்தா வெரசா வந்துருவா. வந்த ஒடனே அது இதுன்னு கேக்காத. மொதல்ல ஸ்வெட்டரக் கழட்டட்டும்."

இரண்டாம் பதிப்பு அப்படித்தான் முடிகிறது. ஆத்தா யாரையும் கூட்டி வருவதில்லை, தினமும் போய்வருகிறாள். படித்துவிட்டு அழுதேன். அம்மா என்னை விட்டுவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தது. விட்டுவிட்டாளே என்று வலிக்கவும் செய்தது.

இன்றும் நான் விளக்கேற்றுவதில்லை, சுவிட்சைத்தான் தட்டுகிறேன். இங்கே பொழுது சாயும்போது போடியில் அம்மா படுத்திருப்பாள். போன் போட்டு எழுப்ப மனம் வராது. சமையலறையில் எதிரே காலியாக இருக்கும் நாற்காலியை, ஒரு ஸ்வெட்டரைக் கழற்றும் நேரம், பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிறகு, நம்பிக்கையே இல்லாத நான், "அம்மா சாப்புட்டாளா?" என்று கேட்கிறேன்.