முகத்துவாரத்தில் படுத்திருந்த நாய்

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கை கால் கொஞ்சம் தேறியது. பேச்சுதான் திரும்பவில்லை. மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவர். "தண்ணி" என்று கேட்க அவர் படும் பாட்டைப் பார்க்க முடியாமல், நான் முன்னாலேயே டம்ளரை நீட்டிவிடுவேன். அப்படிச் செய்யாதீர்கள், அவரே கேட்கட்டும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் பலமுறை சொல்லிவிட்டாள். காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை. குளிப்பாட்டி, உடை மாற்றி, சோறு ஊட்டி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும்.

அந்தப் பெண் வாரம் இரண்டு நாள் திருவான்மியூரிலிருந்து சாந்தோமில் எங்கள் வீட்டுக்கு வருவாள். மாடு, பூனை, கிளி படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்பாள். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கான அட்டைகள். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒருநாள் கையால் தட்டிவிட்டார். கட்டிலுக்கடியில் போனதையெல்லாம் நான்தான் குனிந்து பொறுக்கினேன்.

அன்று மத்தியானம், கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும் என்று போனில் சாட்டிலைட் மேப்பைத் திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியிலேயே கண்ணை மூடினேன்.

"நாய்."

தெருவில் யாரோ என்று நினைத்தேன். மறுபடியும் "நாய்" என்று கேட்டது. அவர்தான். அடையாறு கடலில் சேரும் இடத்தில் விரலை வைத்திருந்தார்.

"எங்கங்க நாய்?"

மணல் திட்டைச் சுற்றி விரலால் மெதுவாக வரைந்தார். காது, முதுகு, மடக்கிய கால். எனக்கு மணலும் பச்சைத் தண்ணீரும்தான் தெரிந்தன.

"தெரியலைங்க" என்றேன்.

போனை மெத்தையில் எறிந்துவிட்டார். ஏழு மாதத்தில் முதல் முழு வார்த்தை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சமையலறைக்குப் போய் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெரிகிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட அசதி.

அடுத்த முறை அந்தப் பெண் வந்தபோது நடந்ததைச் சொன்னேன். அவள் அட்டைகளைப் பைக்குள் போட்டுவிட்டு, மேப்பை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். செம்பரம்பாக்கம் ஏரியின் உருவத்தைப் பார்த்து "ஆமை" என்றார். மேப்பை வடக்கே தள்ளிக்கொண்டு போய்ப் பழவேற்காட்டில் விரலை நிறுத்தினார். நெற்றி வேர்த்தது.

"மு... முதலை."

"சரிதான் சார். இது எந்த ஏரி?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வருஷம் தவறாமல் மாணவர்களைப் படகில் ஏற்றிக் கூட்டிப்போன ஏரி அது. பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். வெகுநேரம் கழித்து அவர் திரும்பவும் "முதலை" என்றார். கண் கலங்கியிருந்தது.

அதற்கப்புறம் ஒரு வருஷம் ஓடிவிட்டது. மிருகங்களின் பெயர்கள் நிறைய வந்துவிட்டன. சில நாட்களில் சாப்பாடு, மாத்திரை, வலி என்றும் சொல்கிறார். ஊர்ப் பெயர் ஒன்றுகூட இதுவரை வரவில்லை. வராமலும் போகலாம் என்று அந்தப் பெண் வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் சொன்னாள். எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

நேற்று சாயங்காலம் மேப்பில் கிண்டிக் காட்டைக் காட்டி "யானை" என்றார். எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் தும்பிக்கை மாதிரி நீண்டிருந்தது.

"ஆமாங்க, தெரியுது" என்றேன். பொய் இல்லை.

அவர் தலையாட்டிவிட்டு மேப்பைத் தள்ளிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனார். நான் ஊறவைத்த துணியை அலசப் போனேன்.