துண்டு காய்ந்த கயிறு

படகுத்துறையில் அவளைச் சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள். படகின் முகப்பில் நின்று அவள் ஒரு சத்தம் போட்டால் பக்கத்துத் தீவில் தூங்குகிற கொக்கு எழுந்து வரிசையில் நிற்கும். கல்யாணத்துக்கு முன் சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைத்தவள். மெஷின் இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. முதல் தடவை படகேறியபோது வாந்தி எடுத்தே கடல் மட்டத்தை உயர்த்தினாள். இப்போதோ, கணவர் சுக்கான் பிடிக்க, நங்கூரம் போடுவது அவள்தான். கணவருக்குப் பட்டப்பெயர் சர்க்கரை. பயணிகளிடம் அவர் பேசுகிற பேச்சுக்கு எறும்பு மொய்க்கும்.

அன்று சுற்றிப்பார்க்க வந்த ஒரு குடும்பம். முதல் தீவில் ஆசை தீரக் குளித்தார்கள். இரண்டாவது தீவில், யானைக்கூட்டம் போலப் பாறைகள் சூழ்ந்த இடத்தில், நங்கூரம் போட்டுச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் காற்று திரும்பிவிட்டது. படகு சுழன்று, பின்பக்கம் பாறையை நோக்கிப் போனது.

"தூக்குடி, கிளம்பலாம்!" என்றார் சர்க்கரை.

அவள் நங்கூரக் கயிற்றை இழுத்தாள். வரவில்லை. நங்கூரம் அடியில் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டிருந்தது.

இதற்கென்றே ஒரு மெல்லிய கயிறு உண்டு. ஒரு முனை நங்கூரத்தின் வாலில், மறுமுனை மிதக்கும் மஞ்சள் கேனில். கேனைப் பிடித்து இழுத்தால் நங்கூரம் வந்த வழியே கழன்றுவிடும். அவள் தண்ணீரில் கேனைத் தேடினாள். அது பெஞ்சுக்கு அடியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கயிறு கூரைக் கம்பிகளுக்கு நடுவே கொடியாகி, அதில் அந்தக் குடும்பத்துத் துண்டுகள் ஆடின.

"என்னங்க இது?"

"பாவம், ஈரமா இருக்குன்னாங்க…"

"கேட்டா பேண்ட்டையும் கழட்டிக் குடுப்பீங்களா?"

கயிறு கட்டுவது அவர் வேலை, பார்த்துவிட்டு நங்கூரத்தைப் போடுவது அவள் வேலை. அவர் கட்டவில்லை, அவள் பார்க்கவில்லை. ஒவ்வொரு அலைக்கும் பாறை நெருங்கியது. மோதினால் மரப்படகு அப்பளம். அது போனால் இருவருக்கும் வேறு பிழைப்பில்லை. ஒரு பெண் கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"நான் முன்னால ஓட்டி மறுபக்கமா இழுக்கறேன். கயிறு எஞ்சின் விசிறில சுத்தாம பாத்துக்க!"

படகு முன்னேறியது. தளர்ந்த கயிற்றை அவள் வேகவேகமாகச் சுருட்டினாள்.

"இழு! இழு!"

"நீங்க வாயால இழுக்கறீங்க, நான் கையால இழுக்கறேன்!"

நங்கூரத்தைத் தாண்டியதும் கயிற்றை முகப்புக் கட்டையில் சுற்றினாள். கயிறு விறைத்தது. முகப்பு தாழ்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. நங்கூரம் அசையவில்லை. எஞ்சின் இருமியது.

"அறுக்கட்டுமா?"

"வேணாம்டி! அந்த நங்கூரம் நானே வெல்டிங் வெச்சது. இன்னும் ஒரே தடவை!"

எஞ்சின் மறுபடி இருமி, மூச்சு வாங்கியது. படகு பின்னால் சறுக்கியது. பெரியவர் ஒருவர் கை நீட்டியிருந்தால் பாறைப் பாசியைத் தொட்டிருப்பார். அவள் கத்தியை எடுத்து வைத்து அறுத்தாள்.

கயிறு சுளீரென்று தண்ணீரில் விழுந்தது. சர்க்கரை எஞ்சினை முறுக்க, படகு துள்ளித் திறந்த கடலுக்கு வந்தது. யாரோ கைதட்டினார்கள். அவள் முகப்புக் கட்டையில் மிஞ்சிய கயிற்றை அவிழ்த்தாள்.

நங்கூரமில்லாமல் மூன்றாவது தீவில் எப்படி நிற்பது? சர்க்கரை தீவைச் சுற்றிச்சுற்றி ஓட்டினார். பயணிகள் படமெடுத்தார்கள். அவர் அவர்கள் பக்கம் திரும்பாமல் சுக்கானையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"கோவமா?"

"இல்லடி. நீ அறுக்கலன்னா நான் அறுத்திருப்பேனான்னு யோசிக்கறேன்."

"அறுத்திருப்பீங்களா?"

அவர் எதிரே தெரிந்த சின்னப் பாறையை விட்டு ஒரு மைல் தள்ளிப் படகைத் திருப்பினார்.