கும்புல் போன வழியில் ஊற்றிய தண்ணீர்

துருக்கியின் எஸ்கிஷெஹிர் ஊரில் நெபாஹத்தை யாரும் நலம் விசாரிப்பதில்லை, ஆட்டைத்தான் விசாரிப்பார்கள். கசாப்புக் கடை நெஜ்மி கையில் கத்தியை வைத்துக்கொண்டே, "நம்ம கும்புல் எப்படிங்க இருக்கான்?" என்பான்.

"உன்கிட்டயே அனுப்பிவிடட்டுமா? நல்ல கொழுப்பு ஏறிக் கிடக்கான்."

அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். நெபாஹத் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கும்புல், அவர் எழுதும் குழந்தைக் கதைகளில் வரும் ஆடு. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த காலத்தில், அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்த அவர் வாயில் வந்தது. வந்த சனியன் போகவே இல்லை. ஹமாம் குளியல் கூடத்தில் சோப்பைத் தின்றது, கல்யாணத்தில் மாப்பிள்ளையின் டையைத் தின்றது, கடைசியில் நெபாஹத்தின் ஆயுசில் பாதியையும் தின்றுவிட்டது. வேறு எதை எழுதிக் கொடுத்தாலும் பதிப்பாளர் கெனான் டீ கிளாஸை நகர்த்தி வைத்துவிட்டு, "பிரமாதம் அக்கா. இதுல ஆடு எங்கே?" என்பார்.

நெபாஹத்துக்கு எழுத வேண்டியிருந்தது ஒரே ஒரு கதை. ஜெர்மனிக்கு வேலைக்குப் போய் அப்படியே காணாமல் போன அண்ணன் ஜெவ்தெத்தின் கதை. அதை எழுதாமல் செத்துப்போய்விடுவோமோ என்ற பயம் அவருக்கு நெஞ்சுக்குள் ஆணியாக இருந்தது.

போன வருஷம் கெனான் ஒருவழியாக இறங்கி வந்தார். "சரிக்கா. ஆட்டை ஊரைவிட்டு அனுப்பிடுங்க. இனிமே வராதுன்னு பிள்ளைங்க ஏத்துக்கிட்டா, அண்ணன் கதையை நான் போடறேன். இது வாக்கு."

நெபாஹத் அனுப்பிவிட்டார். தெருவே கூடி வழியனுப்ப, கும்புல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறப் போனான். அப்பாடா! அன்றைக்கே உட்கார்ந்து அண்ணன் கதையைத் தொடங்கினார்.

ஆடு ஊரைவிட்டுப் போகும் அந்தப் புத்தகம் வந்ததும், கையெழுத்துப் போட ஒரு பள்ளிக்கூடத்துக்கு அழைத்திருந்தார்கள். கெனானும் கூட வந்திருந்தார். பிள்ளைகள் அழுதால் துடைக்க நெபாஹத் கைப்பை நிறைய டிஷ்யூ வைத்திருந்தார். ஒரு பிள்ளைகூட அழவில்லை. எல்லாம் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு நின்றன.

பெரில் என்ற சிறுமி புத்தகத்தை நீட்டினாள். "பெரியம்மா, கும்புல் எப்ப வரான்?"

"அவன் வரமாட்டான் கண்ணு."

"ஐயே, பொய்! சபிஹா பெரியம்மாதான் பின்னாடியே தண்ணி ஊத்தினாங்களே!"

நெபாஹத் அவசரமாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். இருந்தது. கும்புல் தெருமுனை திரும்பும்போது, பக்கத்து வீட்டு சபிஹா செம்பு நிறையத் தண்ணீரை அவன் போன வழியில் வீசி ஊற்றுகிறாள். தண்ணீர் போலப் போய்த் தண்ணீர் போலத் திரும்பி வா என்று. ஒருவன் வீட்டைவிட்டுக் கிளம்பினால் கை தானாகச் செம்பைத் தேடும் ஊர் அது; எழுதும்போதும் அவர் கை தேடியிருக்கிறது. பாவி, அதை நான்தானே எழுதினேன் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கெனான் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் குனிந்து, "வாக்கு வாக்குதான் அக்கா. ஊத்தினாலும் சில பேர் வரமாட்டாங்கன்னு நீங்களே சொல்லிடுங்க. அண்ணன் கதை அச்சுக்குப் போயிடும்," என்றார்.

அது நெபாஹத்துக்குத் தெரியாதா என்ன? ஜெவ்தெத் கிளம்பிய அன்று அம்மா செம்பை ஏழு வயது நெபாஹத் கையில்தான் கொடுத்தாள். பாதித் தண்ணீரைத் தன் காலிலேயே கொட்டிக்கொண்டார். அதனால்தான் அண்ணன் வரவில்லை என்று எத்தனையோ வருஷம் யாருக்கும் தெரியாமல் அழுதிருக்கிறார். அண்ணன் கதையின் முதல் வரியே அந்தச் செம்புதான்.

சொல்லிவிட வாயைத் திறந்தார்.

"எங்கப்பாவுக்கும் நான்தான் ஊத்தினேன்," என்றாள் பெரில். "லாரி எடுத்துட்டு ரொம்ப தூரம் போயிருக்காரு. நான் ஒரு சொட்டுகூட கீழ சிந்தல பெரியம்மா. எல்லாத்தையும் ரோட்டுலதான் ஊத்தினேன்."

நெபாஹத் அவளையே பார்த்தார். கெனான் காத்திருந்தார்.

"வருவான்டி," என்றார் நெபாஹத். "கட்டாயம் வருவான்."

பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. மறுநாள் காலையில் அவர் அண்ணன் கதையை மேஜையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தார். புதுத் தாளில் எஸ்கிஷெஹிர் ஸ்டேஷனுக்கு ரயிலை வரவழைத்து, மூட்டையோடு ஆட்டை இறக்கினார்.

"வா, சனியனே, வா," என்று சொல்லிக்கொண்டே அழுதார்.