ஒனொரினின் பட்டாணியும் எண்ணூறு ஜோடிப் புறாவும்

பெர்வில் கிராமத்து ஒனொரினிடம், பிரெஞ்சு தேசத்தில் புரட்சி எதற்காக வந்தது என்று கேட்டால், ஒரே வார்த்தையில் பதில் வரும்: புறா. சுதந்திரம், சமத்துவம் என்று நீட்டி முழக்குகிறவர்களைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிரபுவின் மாளிகைக்குப் பக்கத்தில் வட்டமான கல் மாடம் ஒன்று இருந்தது. அதில் எண்ணூறு ஜோடிப் புறா. மாடம் வைத்துக்கொள்ளும் உரிமை பிரபுவுக்கு மட்டும்தான். தீனி போடும் பொறுப்பு மட்டும் ஊருக்கு! மார்ச்சில் பட்டாணி விதைத்துவிட்டு நிமிர்வதற்குள் அத்தனையும் வயலில் இறங்கிவிடும். கை தட்டி விரட்டலாம். அடித்தால் சிறை.

அவள் புருஷன் ழெர்வே மூன்று முறை விதைத்தும் ஒன்றுகூட முளைக்காத ஆத்திரத்தில் கவணை எடுத்து ஒரு புறாவை அடித்துவிட்டான். வீட்டுக்குக் கொண்டுவந்து இறகு பிடுங்குவதற்குள் காவலாட்கள் வந்துவிட்டார்கள். "யாரைக் கேட்டுடா அடிச்சே?" என்று கேட்டார்கள். பாவம், அவன் பதில் தெரியாமல் விழித்தான். ஆளையும் புறாவையும் சேர்த்தே கொண்டுபோனார்கள். மூன்றாம் மாதம் சிறைக் காய்ச்சலில் செத்துப்போனான். ஒரு புறாவுக்கு ஒரு மனுஷன்! வரப்பில் கிடந்த கவணை ஒனொரின் கூரை வைக்கோலுக்குள் செருகி வைத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, 1789இல், ராஜா குறை கேட்கிறாராம், ஒவ்வோர் ஊரும் எழுதி அனுப்ப வேண்டுமாம் என்று செய்தி வந்தது. பூசை முடிந்ததும் ஊர் கோயிலுக்குள்ளேயே கூடியது. குடும்பத்தை நடத்துகிறவள் என்பதால் ஒனொரினும் போய் உட்கார்ந்தாள். பள்ளி வாத்தியார் பர்னபே, நகரத்திலிருந்து வந்த ஒரு காகிதத்தைப் பார்த்து அப்படியே நகல் எடுத்துக்கொண்டிருந்தார். திராட்சைத் தோட்ட வரி குறைய வேண்டும், ஆற்றுப் படகுச் சுங்கம் ஒழிய வேண்டும் என்று வாசித்தும் காட்டினார். எல்லோரும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்கள்.

"ஏன் வாத்தியாரே, நம்ம ஊர்ல திராட்சை எங்க இருக்கு? ஆறு எங்க ஓடுது?"

"படிச்ச வக்கீல் எழுதினதும்மா. சுத்துப்பட்டு ஊரெல்லாம் இதைத்தான் அனுப்புது. நீ சும்மா இரு."

"புறாவைப் பத்தி?"

"ராஜாகிட்ட போய்ப் புறா, பட்டாணின்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டுமே! என் புருஷன் செத்தப்ப அழவா செஞ்சாங்க? எழுதுங்க!"

இடமில்லை என்றார். ஊரார் கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டது, தன்னுடையதுதான் பாக்கி என்றார். ஒனொரின் மைக்கூட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் அழுத்தமாக உட்கார்ந்துவிட்டாள். சாப்பாட்டு வேளை, ஆண்கள் நெளிந்தார்கள். கடைசியில் பர்னபே தலையில் அடித்துக்கொண்டு, அவள் மடியிலேயே மை தொட்டு, கையெழுத்துகளுக்கும் கீழே, 'பிரபுவின் புறாக்கள் விதையைத் தின்கின்றன' என்று எழுதினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பாதிரியாரை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் மைக்கூட்டை மடியிலிருந்து எடுத்தாள்.

அந்த ஆகஸ்டில் பாரிஸ் பக்கமிருந்து சட்டம் வந்தது. மாட உரிமை ஒழிந்தது. விதைப்புக் காலத்தில் புறாவை அடைத்து வைக்க வேண்டும். மீறி வந்தால் அவரவர் நிலத்தில் எவரும் அடிக்கலாம்.

"பாத்தீங்களா வாத்தியாரே, நான் சொன்னது!"

"எல்லாம் உன்னாலன்னு நினைச்சுக்காதே. ஆயிரக்கணக்கான ஊர் புறாவைப் பத்தி எழுதியிருக்காம்."

"அப்போ அத்தனை ஊர்லயும் ஒருத்தி மைக்கூட்டைப் புடுங்கியிருக்கா."

பிரபு நாட்டைவிட்டு ஓடினார். பிறகு ராஜாவின் தலையும் போயிற்று. ஒனொரின் அப்பாடா என்று மூச்சு விட்டாள். நிம்மதியாக இருக்க விட்டால்தானே! மாளிகைச் சொத்து ஏலத்துக்கு வந்தபோது அந்தப் பாழாய்ப்போன மாடத்தை எடுத்தவன் வேறு யாருமில்லை, அவள் மகள் சிதோனியின் புருஷன் பிர்மேன். கோதுமை வியாபாரத்தில் கொழுத்தவன். எடுத்தவன் சும்மா பூட்டிப் போட்டானா? புறா வாங்கி விட்டான். மார்ச் வந்தது, பட்டாணி விதைத்தாள், பழையபடி வந்து இறங்கின.

"பெரிய வீடுன்னா புறா இருக்கணும் அத்தே. இது ஒண்ணும் பிரபுவோட புறா இல்லையே, நம்ம புறா."

"அலகு அதே அலகுதானே மாப்ளே!"

பர்னபேயிடம் ஓடினாள். அவர் இப்போது ஊர்த் தலைவர். இடுப்பில் மூவர்ணப் பட்டை வேறு.

"குடிமகளே, சட்டம் இருக்குதான். ஆனா உன் மாப்பிள்ளை ஊர்ச் சபையில இருக்காரு. கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்."

அனுசரித்துப் போவதாம்! பிரபு காலத்திலேயே இதைக் கேட்டுக் காது புளித்திருந்தது அவளுக்கு. ராஜா தலையை வாங்கி என்ன பிரயோஜனம்?

"சட்டம் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"இருக்கு."

வீட்டுக்குப் போய்க் கூரையிலிருந்து கவணை உருவினாள். பட்டப்பகலில், ஊர் பார்க்க, தன் வயல் நடுவில் நின்றாள். மூன்று கல் வீண். நான்காவது கல்லுக்கு ஒரு புறா விழுந்தது.

மறுநாள் மகளையும் மாப்பிள்ளையையும் சாப்பிடக் கூப்பிட்டாள். போன வருஷத்துப் பட்டாணியும் பன்றிக் கொழுப்பும் போட்டு வேகவைத்த கறி. பிர்மேன் இரண்டாம் முறை வாங்கிப் போட்டுக்கொண்டான்.

"பிரமாதம் அத்தே! கறி எங்க வாங்கினீங்க?"

"என் வயல்லதான். விதையைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "என் புறாவா? யாரைக் கேட்டு அடிச்சீங்க?"

சிதோனி விருட்டென்று தலைதூக்கினாள். அப்பாவை இழுத்துப்போனபோது வாசலில் நின்றவள் அவள்; இதே கேள்வி அன்று அவள் காதிலும் விழுந்திருந்தது.

"உங்க மாமனார்கிட்டயும் இதைத்தான் கேட்டாங்க. அவருக்குப் பதில் தெரியல. எனக்குத் தெரியும். சட்டத்தைக் கேட்டு அடிச்சேன்." ஒனொரின் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள். "அந்த மனுஷன் ஒரு வாய்கூடத் தின்னல. நீங்க மிச்சம் வைக்காம தின்னுட்டுப் போங்க."

பிர்மேன் மனைவியைப் பார்த்தான். சிதோனி எழுந்து வந்து, கிண்ணத்தில் இருந்ததையெல்லாம் அவன் தட்டிலேயே கவிழ்த்தாள்.