கோபம் போக மிச்சம்

லம்யாயின் வாயைப் பற்றிப் பாங்காக் கால்வாய்ப் படகில் போகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தலையில் ஹெல்மெட், இடுப்பில் காசுப் பை, ஒரு கை மேலே கயிற்றில். ஓடுகிற படகின் வெளி விளிம்பிலேயே நடந்து டிக்கெட் கொடுப்பாள். இஞ்சின் சத்தத்தையும் மீறி அவள் குரல் கேட்கும். "காலை உள்ள இழு! தண்ணி தெறிக்குது, திரையைத் தூக்கிப் பிடி! பாலம் வருது, தலை பத்திரம், உனக்கு இருக்கிறது ஒண்ணுதான்!"

அந்த வாய்க்காரி வருஷத்தில் ஒரே ஒரு நாள் வாயைப் பூட்டிக்கொள்வாள். மழைக்காலம் முடிந்து கோயிலில் துறவிகளுக்குக் காவித் துணி கொடுக்கும் திருவிழா அது. அன்று கோயில் வளாகத்தில் யார் வேண்டுமானாலும் அன்னதானப் பந்தல் போடலாம். யார் வந்து நின்றாலும் இல்லையென்று சொல்லக் கூடாது. செத்துப்போன புருஷன் தனோமின் பெயரில் அவளும் ஒரு பந்தல் போடுவாள். அரிசிச் சேவையும், மீன் உருண்டை போட்ட தேங்காய்ப்பால் குழம்பும். படகோட்டியான தனோம் இருந்தவரை அதற்காக உயிரை விடுவான்.

தானத்தின் புண்ணியம் அவனுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் கொடுக்கிறவள் மனசில் கோபம் கூடாது. கொடுப்பதற்கு முன்னும் கூடாது, கொடுக்கும்போதும் கூடாது, கொடுத்த பிறகும் கூடாது. இவள் எவ்வளவு கோபப்படுகிறாளோ அவ்வளவுக்கு அங்கே அவன் தட்டில் சேவை குறையும். லம்யாய் இதை அப்படியே நம்பினாள். மற்றவர்களுக்கு இதில் என்ன கஷ்டம்? அவளுக்குத்தான் உயிர் போகிற வேலை.

இந்த ஒரு நாளுக்காக வருஷம் முழுக்க வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்ப்பாள். ஏசி பஸ்ஸில் ஏற மாட்டாள். ஜன்னல் திறந்த பழைய பஸ் வரும்வரை வெயிலில் நிற்பாள். மீனுக்கு ஒரு சந்தை, ஆற்றைத் தாண்டித் தேங்காய்க்கு ஒரு சந்தை, கடை கட்டுகிற நேரமாகப் பார்த்துக் கீரைக்கு இன்னொன்று. அந்தப் பெரிய ஊரைக் கொஞ்சக் காசில் சுற்றுவது எப்படி என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அது அவள் பிழைப்பு.

அதையே விளையாட்டாக்கிக்கொண்டு வந்து சேர்ந்தன இரண்டு வெளிநாட்டு உருப்படிகள். ஒருத்தன், ஒருத்தி, முதுகில் ஆளுயர மூட்டை. திருவிழாவுக்கு முந்தின வாரம் அவள் படகில் ஏறினார்கள். லம்யாய் பின்னாலிருந்து வந்தால் இவர்கள் முன்னால் நகர்ந்தார்கள். கிட்டே போனால் கண்ணை மூடித் தூங்குகிற பாவனை. தட்டி எழுப்பினால் ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்று கையை ஆட்டினார்கள். அவள் கத்தக் கத்த அந்தப் பெண் போனை நீட்டிப் படம் பிடித்துச் சிரித்தது!

பக்கத்தில் இருந்த காலேஜ் பெண் அவர்களோடு இங்கிலீஷில் பேசிப் பார்த்து விஷயத்தைச் சொன்னாள். "போட்டியாம் பெரியம்மா. ஒரு வாரம் காசே செலவழிக்காம ஊரைச் சுத்திக் காட்டணுமாம்."

"பிளேனுக்குக் குடுக்கக் காசு இருந்துச்சாமா? அந்த போனுக்கு இருந்துச்சாமா? என் டிக்கெட்டுக்கு மட்டும் இல்லையாமா?" லம்யாய் அவர்கள் மூக்குக்கு நேரே கையை நீட்டினாள். இரண்டு டிக்கெட்டையும் வாங்க வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

திருவிழாவன்று காலையில் படகோட்டி பிரயூன், தனோமின் பழைய கூட்டாளி, பந்தலுக்கு வந்து சீண்டினான். "இன்னிக்கு எத்தனை மணி வரைக்கும் தாங்குவே அக்கா? நாங்க பந்தயம் கட்டியிருக்கோம்." அவள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். "மதியம் ஷிப்ட் முடிஞ்சு எல்லாரும் வர்றோம். தனோம் அண்ணன் பேரைச் சொல்லிச் சாப்பிடணும், மிச்சம் வை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பத்து மணிக்கு வந்தார்கள் அந்த இருவரும். தனியாகவா வந்தார்கள்? இலவசச் சாப்பாடு என்று போனில் போட்டுவிட்டுப் பின்னால் ஒரு படையையே இழுத்து வந்திருந்தார்கள். வரிசையில் நின்று வாங்கினார்கள். திரும்ப வந்து வாங்கினார்கள். அதோடு விட்டார்களா? டப்பாவை நீட்டி ராத்திரிக்கும் வாங்கி மூட்டைக்குள் திணித்தார்கள். லம்யாய் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள், போட்டாள், மறுபடி சிரித்தாள்.

"மூச்சு விடாதே" என்று பக்கத்தில் சேவை எடுத்துக் கொடுத்த புவாங் அக்கா அவள் இடுப்பைக் கிள்ளினாள். "தனோமை நினைச்சுக்கோ."

மதியம் படகுக்காரர்கள் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றபோது சட்டியில் கரண்டி உரசிய சத்தம்தான் கேட்டது. பிரயூன் எட்டிப் பார்த்தான். "என்னக்கா, அண்ணன் பேரைச் சொல்லி வெறும் தண்ணிதானா?" சிரித்துக்கொண்டே கேட்டாலும் அவன் முகம் வாடிப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து, இன்னும் போகாமலிருந்த அந்த வெளிநாட்டுப் பெண் காலிச் சட்டிக்கு முன்னால் நின்று போனைப் பார்த்துச் சிரித்தது. "ஃப்ரீ! ஆல் ஃப்ரீ!"

அந்தச் சொல் லம்யாய்க்குத் தெரியும். பூட்டு தெறித்தது.

"ஃப்ரீயா? யாருடி சொன்னா ஃப்ரீன்னு? ஒரு வருஷம் நான் குடிக்காத காபிடி இது! நான் ஏறாத பஸ்! இல்லாதவன் வந்து தின்னா என் தலையில தூக்கி வெச்சுப் போடுவேன். பசிக்காத வயித்துக்கு மூட்டை கட்டிக்கிட்டுப் போறீங்களே, வெக்கமா இல்லே? நாங்க இல்லாம அலையுறது உங்களுக்கு வேடிக்கையா?"

மொழி புரியாவிட்டால் என்ன, அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. பையைத் துழாவி ஒரு நோட்டை எடுத்தது. அதைச் சாப்பிட்ட கிண்ணத்தின் அடியில் வைத்துவிட்டு அவனையும் இழுத்துக்கொண்டு ஓடியது.

புவாங் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு! கோபப்பட்டது பத்தாதுன்னு வித்துட்டியேடி! காசு வந்தா அது தானமா? வியாபாரம்டி! தனோமுக்கு என்ன போய்ச் சேரும்?"

லம்யாய் கரண்டியைக் கீழே போட்டாள். நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். படகுத்துறையில் அவளைக் கண்டதும் அந்த இரண்டும் அலறியடித்துப் படகில் குதித்தன. படகு கிளம்பிவிட்டது. அவள் விடுவாளா? ஹெல்மெட் இல்லை, இடுப்பில் குழம்புக் கறை படிந்த துணி. அப்படியே விளிம்பில் தாவி, கயிற்றைப் பிடித்து நடந்து போய் எதிரே நின்றாள். அவன் பயந்து டிக்கெட் காசை நீட்டினான்.

"டிக்கெட் கேக்க வரலடா. இந்தா, பிடி." நோட்டை அந்தப் பெண்ணின் கையில் திணித்தாள். "நான் விக்கல. கேட்டுக்கோ, நான் எதையும் விக்கல."

அந்தப் பெண் மூட்டையைத் திறந்து டப்பாக்களை எடுத்து இரண்டு கையாலும் நீட்டியது. கண்ணில் தண்ணீர். லம்யாய் டப்பாக்களைப் பார்த்தாள். பிரயூனுக்கும் மற்றவர்களுக்கும் தாராளமாகக் காணும். கை நீளப் பார்த்தது.

"வேணாம்" என்றாள். "குடுத்தது குடுத்ததுதான். தின்னுங்க. நல்லாத் தின்னுங்க. நல்லா இருங்க!" வாழ்த்துத்தான். ஆனால் அவள் சொன்ன தோரணையில் படகில் இருந்தவர்கள் எல்லோரும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் கோயில் மரத்தடியில் உட்கார்ந்து, புண்ணியத்தைத் தனோமுக்குச் சேர்க்கிற தண்ணீரைச் சின்னச் செம்பிலிருந்து வேரில் ஊற்றினாள். மனசை அடக்கிப் பார்த்தாள். அடங்கவில்லை. 'ஃப்ரீ' என்ற சொல் இன்னும் காதில் குத்திக்கொண்டிருந்தது.

"இந்தாய்யா" என்றாள் மரத்தைப் பார்த்து. "கோபம் போக மிச்சம் எவ்வளவு இருக்கோ அதைச் சாப்பிடு. ஒண்ணும் வந்து சேரலேன்னா அடுத்த வருஷம் வரைக்கும் பசி தாங்கிக்கோ. என் வாய் அடங்காதுன்னு கட்டிக்கும்போதே உனக்குத் தெரியும்ல?"