செர்வா வைத்த கேள்விப் பெட்டி

எங்கள் சர்ச் பாடகர் குழுவில் செர்வா ஆல்ட்டோ என்ற பெண்களின் கீழ்க்குரலில் பாடுகிறாள். சுமாராகத்தான் பாடுவாள். பக்கத்தில் ஆண்களின் டெனர் வரிசையில் நிற்கும் எனக்குத் தெரியாதா? ஆனால் இன்று எங்கள் குமாசி நகரில் எந்தப் பாடகர் குழுவிடம் போய் அவள் பெயரைச் சொன்னாலும் உட்கார நாற்காலி கிடைக்கும்.

பகலில் அவளுக்கு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் வேலை. கூட்டமில்லாத நேரத்தில் புரோகிராம் எழுதத் தானே கற்றுக்கொண்டு, நாங்கள் பாடும் டோ ரே மீ சுர எழுத்துகளை நான்கு குரலுக்கும் வரிசையாக அடிக்க ஒரு மென்பொருள் செய்தாள். அதுவரை நாங்கள் கரும்பலகையைப் பார்த்துக் கழுத்து வலிக்க எழுதிக்கொண்டிருந்தோம். நல்ல சாமான்தான். ஆனால் அதன் வயிற்றில் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் இடம். திறந்தால் கடைசியாக எழுதிய பாட்டு வரும். அடுத்தவர் புதிதாக எழுதினால் பழையது போயே போச்சு. தனக்கென்று செய்துகொண்டபோது அவளுக்கு அது குறையாகத் தெரியவில்லை.

எங்கள் குழுவை நடத்தும் அமான்குவா மாஸ்டர், தன் மனைவி பிராகோவின் முதலாண்டு நினைவு ஆராதனைக்காக ஒரு பாட்டு கட்டி, அந்தக் கடையில் உட்கார்ந்து எழுதினார். அதற்குப் பிறகு சந்தைப் பக்கத்து சர்ச்சின் பெம்பொங் மாஸ்டர் அதே நாற்காலியில் உட்கார்ந்து தன் பாட்டை எழுதினார். பிராகோவின் பாட்டு அழிந்தது.

"பரவால்லம்மா, மனசுல இருக்கு" என்றார் அமான்குவா. மனசில் பாதிதான் இருந்தது. நல்லவேளை, நாங்கள் ஒத்திகை பார்த்திருந்தோம். ஒவ்வொரு குரலாக நின்று பாட, செர்வா கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்ப அடித்தாள்.

"இன்னொரு தடவை இந்தப் பாட்டு போச்சுன்னா, நான் உங்க முகத்துல முழிக்க மாட்டேன் மாஸ்டர்" என்றாள்.

அதன் பிறகுதான் அந்தப் பெட்டிகளைச் சேர்த்தாள். 'சேமி' என்று அழுத்தினால், எங்கே வைக்கட்டும், என்ன பெயர் என்று கேட்கும் ஒரு பெட்டி. 'திற' என்றால், இருக்கும் பாட்டுகளையெல்லாம் காட்டி, எது வேண்டும் என்று கேட்கும் இன்னொன்று.

"பெட்டி கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்குண்ணே, கூப்பிட்டா வரும். நாம சொல்ற பதிலுக்குத் தக்கபடி நடக்க வைக்கிறதுதான் பாடு" என்றாள் என்னிடம்.

சோதித்துப் பார்க்க என்னை உட்கார வைத்தாள். பெட்டி வந்ததும் நான் ஒரு பட்டனைத் தட்டினேன். மென்பொருள் அப்படியே மூடிக்கொண்டது.

"என்னண்ணே பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. வேண்டாம்னு சொன்னேன்."

"வேண்டாம்னு சொல்ற ஆளும் இருப்பாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டு, அதையும் சரிசெய்தாள்.

எல்லா சர்ச் குழுக்களும் கூடும் நாள் வந்தது. பொதுப் பாட்டுப் புத்தகம் அச்சடிக்க ஒவ்வொரு மாஸ்டரும் தன் பாட்டை செர்வாவின் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். அமான்குவா முதலில் உட்கார்ந்து, செர்வா திரும்ப அடித்திருந்த பிராகோவின் பாட்டையே சேமித்து, 'அவுராடே', அதாவது 'ஆண்டவரே', என்று பெயர் வைத்தார். நாங்கள் எல்லோரும் பாட்டின் முதல் சொல்லையே பெயராக வைப்போம். ஆண்டவரை அழைக்காமல் பாட்டு தொடங்கவும் மாட்டோம்.

அடுத்து உட்கார்ந்தவர் பெம்பொங். எழுதி முடித்து, அவரும் 'அவுராடே' என்றே அடித்தார்.

"ஏம்மா, அந்தப் பேர்ல ஒண்ணு இருக்காம். அது மேலயே வைக்கட்டுமான்னு கேக்குது. யாரோடது அது?"

"அமான்குவா மாஸ்டரோடது. போன தடவை நீங்க அழிச்சதும் அதேதான்."

பெம்பொங்கை எனக்குத் தெரியும். பந்தியில் மூன்றாவது கென்கே உருண்டை வைத்தாலும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அன்று மெல்ல 'வேண்டாம்' பட்டனைத் தேடி அழுத்தினார். நான் அழுத்தியபோது நடந்தது நினைவுக்கு வர, எட்டித் திரையைப் பார்த்தேன். மென்பொருள் மூடவில்லை. கேள்வி மட்டும் மறைய, அவர் எழுதிய பாட்டு அப்படியே திரையில் நின்றது.

அதை 'அவுராடே பெம்பொங்' என்று சேமித்தார். பின்னால் நின்ற மாஸ்டர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பாட்டின் பெயரை யோசிக்க ஆரம்பித்தார்கள். எல்லோரிடமும் இருந்தது அவுராடேதான்.

அமான்குவா எழுந்து வந்து 'திற' என்று அழுத்தினார். நான்கு குரல்களும் ஓர் எழுத்துக் குறையாமல் வந்தன. அதை மறுபடி சேமித்தார். இந்த முறை 'பிராகோ' என்று பெயர் வைத்தார். செர்வா வெள்ளைக் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு ஆட ஆரம்பித்தாள், நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

நினைவு ஆராதனைக்கு பெம்பொங் தன் குழுவையும் அழைத்து வந்தார். ஜெராக்ஸ் கடைக்குப் போய் 'பிராகோ'வைத் திறந்து, எல்லோருக்கும் கற்றுக்கொடுத்திருந்தார். இரண்டு குழுவும் சேர்ந்து பாடினோம். செர்வா அன்றும் சுருதி தப்பித்தான் பாடினாள். அமான்குவா மாஸ்டர் அவள் பக்கமாகத் திரும்பி, இன்னும் சத்தமாகப் பாடச் சொல்லிக் கை காட்டினார்.